மாமனார் மறந்த விரதம்

கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலமே ஜீவராஜ் மாமனாரிடம் மாட்டிக்கொண்டான்.

செஞ்சிப் பக்கத்துச் சமணர் வீடுகளில் பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். விளக்கு வைத்த பிறகு ஒரு பருக்கை வாய்க்குள் போகாது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழு சோற்றோடு சேர்ந்து செத்துவிடக் கூடாது என்று ஏற்பட்ட வழக்கம் அது. மாப்பிள்ளையும் அதே சனம்தான். ஆனால் திண்டிவனம் கடைத்தெருவில் வளர்ந்தவன்; கடையைச் சாத்திவிட்டு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு. பசி தாங்காமல் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த டீக்கடைக்குப் போய், மாலையைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு போண்டாவை வாயில் போட்ட நேரத்தில் மாமனார் ஆதிநாதன் அந்த வழியாக வந்து நின்றார். ராத்திரிச் சாப்பாடு ஒரு குற்றம். மண்ணுக்குக் கீழே விளைந்த கிழங்கு இன்னொரு குற்றம். ஒரே வாயில் இரண்டு.

பெரியவர் வந்த வழியே திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும், "பொண்ணக் கொண்டுபோயி ஒரு ராத்திரித் தின்னிகிட்ட குடுத்துட்டேன்" என்றார். பெண்டாட்டியிடம் மட்டும் சொன்ன விஷயம் விடிவதற்குள் இரண்டு பக்கத்துச் சம்பந்திகளுக்கும் தெரிந்துவிட்டது. மணப்பெண் அனந்தமதிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அது நடந்தது எண்பத்தெட்டாம் வருஷம்.

ஆதிநாதனைக் குறை சொல்லவும் முடியாது. தனக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயம் என்று வைத்திருந்தவர் இல்லை. பதினாறு வயதில், கால்நடையாக ஊருக்கு வந்த ஒரு முனிவர் முன்னால் நின்று, பொழுது சாய்ந்த பிறகு அன்னம் தண்ணீர் தொடுவதில்லை என்று விரதம் வாங்கியவர். மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; வேர்க்கடலை வியாபாரம். அறுப்புக் காலத்தில் வண்டி வண்டியாக மூட்டை வந்து இறங்கும்; நடுச்சாமம் வரை எடை போடுவார்கள். கூட இருக்கிறவர்களுக்குப் பரோட்டாவும் டீயும் தன் காசில் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் பச்சைத் தண்ணீரில்லாமல் உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் வந்து கொதித்த நாளிலும் மாத்திரையைப் பகலிலேயே முடித்துக்கொள்வார். மனைவி செத்த அன்று, தகனம் முடிந்து வீடு திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. காலையிலிருந்து பட்டினி கிடந்த மனுஷன் மறுநாள் சூரியனைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் அவர் தடுமாற ஆரம்பித்தது. மகன் தரணேந்திரன் பெங்களூரில் இருந்தான். ஒன்பதாவது மாடியில் வீடு. அப்பாவை அழைத்துப்போய் ஒரு மாதம் வைத்துக்கொண்டான். அவர் லிஃப்டுக்குள் புகுந்து மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்ததை வாட்ச்மேன் பிடித்துக் கொடுத்தார். "டவுன் லைஃப் அவருக்கு செட் ஆவல மதி" என்று சொல்லி, திண்டிவனத்தில் தங்கை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். தரணேந்திரன் நல்லவன்தான். தூரத்தில் இருக்கிறவரைக்கும் எல்லோரும் நல்லவர்கள்தான்.

மதிக்கு விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் வேலை. தொண்ணூற்று மூன்றில் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கியபோது புதிதாக ஆள் எடுத்தார்கள். அடுத்த வருஷமே சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து காலையில் ஒரு ரயில், சாயங்காலம் ஒரு ரயில். ஆபீஸ் முடிந்து பாசஞ்சரைப் பிடித்தால், பேரணி ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதே ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிடும். வீட்டு வாசலை மிதிக்க ஏழாகும். பொழுது சாய்வதற்குள் அப்பாவுக்குச் சோறு போட வேண்டுமென்றால் அவள் வேலையை விட வேண்டும். வீடு ஓடுவதோ அந்த வேலையில். மகள் ப்ரியதர்ஷினி சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜீவராஜுக்கு நேரு வீதியில் பாத்திரக் கடை. பாத்திரக் கடைக்குச் சாயங்காலம்தான் வியாபாரம். வெயில் தாழ்ந்த பிறகுதான் பெண்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள். அந்த நேரத்தில்தான் மாமனாருக்குச் சாப்பாடு. கொஞ்ச நாள் நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்து பார்த்தான். பூட்டிக் கிடக்கிற கடைக்கு இரண்டு தடவை வந்து திரும்பிய வாடிக்கை மூன்றாம் தடவை வராது. ஒரு வருஷத்தில் சரக்கையெல்லாம் பக்கத்துக் கடைக்காரனுக்கே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அதற்கு முன்னால் மதியிடம் சொன்னது ஒரே வார்த்தை. "ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்ல இருக்கணும். உன் வேலைக்குப் பென்ஷன் இருக்குது, என் கடைக்கு இல்ல."

இனிமேல் அவரை அவன் இவன் என்று எழுத நமக்குக் கை வராது. அந்த வருஷங்களில் அவர் சம்பாதித்தது அந்த மரியாதை ஒன்றுதான். அதையாவது குறைக்காமல் கொடுத்துவிடலாம்.

ஊர் சும்மா இருக்குமா? "ஜீவராஜு மாமனாருக்கு மருமகளா வாக்கப்பட்டுட்டாரு" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். ஜீவராஜும் கூடவே சிரித்தார். மருமகள்களே முகம் சுளிக்கிற காரியமெல்லாம் அவர் செய்தார். பெரியவரைக் குளிப்பாட்டினார். நனைந்த வேட்டியை மாற்றினார். துணியில் வடிகட்டிய தண்ணீரைத்தான் மாமா குடிப்பார் என்று குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்தார். வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்கத் தெரியாதவர், பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து நெய் விட்டுச் சோற்றோடு பிசைந்து, ஐந்து மணிக்கெல்லாம் கிண்ணத்தோடு அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

பெரியவருக்கு அவர் யாரென்று தெரியவில்லை. மண்டியில் எடை போட்ட கண்ணையன் என்று நினைத்துக்கொண்டார். "கண்ணையா, தார்ப்பாய் போட்டியா? மழை வர்றாப்ல இருக்குது. மூட்டை நனைஞ்சா உன் கூலியிலதான் புடிப்பேன்" என்று மிரட்டுவார். "போட்டுட்டேங்க. ஒரு மூட்டைகூட நனையலீங்க" என்பார் ஜீவராஜ். பெற்ற மகளை அவர் அக்கா என்று கூப்பிட்டார். மதி அதற்கு ஒரு நாள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த வாரம்தான் துணை வட்டாட்சியர் பதவி உயர்வு வந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்குக் கீழே சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அவளுக்கு மேலே போனார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷ மழைக்காலத்தில் பெரியவருக்குப் பகலும் இரவும் தலைகீழாகிவிட்டது. பகலெல்லாம் தூக்கம். எழுப்பி உட்காரவைத்தால் பல்லில்லாத வாயை இறுக்கி மூடிக்கொள்வார். கரண்டி நுனி கூட உள்ளே நுழையாது. பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் கண் விழித்து எழுந்து உட்கார்ந்து, "சோறு போடுங்க" என்பார்.

முதலில் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. "விளக்கு வெச்சாச்சு மாமா" என்று ஜீவராஜ் சொன்னால், ஏந்திய கை தானாக மடங்கும். என்ன ஏது என்று புரியாது; ஆனால் அறுபது வருஷத்துப் பழக்கம் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. பிறகு பிறகு அதுவும் போய்விட்டது. விளக்கைக் காட்டினால் விளக்கைப் பார்த்துவிட்டு மறுபடியும் சோறு கேட்டார். குழந்தை போல உதட்டைப் பிதுக்கி அழுதார்.

மதிக்குத் தாங்கவில்லை. "ஒரு வாய் குடுத்துடலாங்க. அவருக்கே ஞாபகம் இல்ல. யாருக்கு என்ன தெரியப் போவுது?"

ஜீவராஜ் தலையை ஆட்டினார். "அவருக்கு மறந்து போச்சு. எனக்கு ஞாபகம் இருக்குதே மதி."

"பசின்னு அழுவறாருங்க."

"எனக்கு மட்டும் காது கேக்கலியா? யோசிச்சிப் பாரு. மண்டி போச்சு. அத்தை போனது மறந்து போச்சு. உன்னயே தெரியல. தன் பேரு இன்னான்னு கேட்டா முழிக்கிறாரு. கெடாம மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் நான் போயி புடுங்கிக்கினா அவருகிட்ட அவருதுன்னு இன்னா இருக்கும்?"

இந்த மனுஷனையா அப்பா ராத்திரித் தின்னி என்று சொன்னார் என்று மதி நினைத்தாள். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பெருமையில் அப்பாவின் வயிறு நிறையாதே.

அழுகை நாளுக்கு நாள் கூடியது. ஒரு நாள் பெரியவர் தெரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சோறு போடாம கொல்றாங்க, யாராவது வாங்க" என்று கூப்பிட்டார். எதிர்வீட்டு சகாயசெல்வி பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடி வந்தாள். கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசையும் தவறாது, அக்கம்பக்கத்துக்கு ஒன்று என்றால் உதவியும் தவறாது. ஜீவராஜ் வாசலிலேயே நின்று பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பகல்ல குடுக்கறேன்மா."

"இன்னாண்ணே இது அநியாயம்? நாங்களும் ஈஸ்டருக்கு முன்னால தவசு காலத்துல ஒரு வேளை மட்டும் சாப்ட்டு ஒருசந்தி இருக்கறவங்கதான். வயசானவங்களுக்கும் நோயாளிங்களுக்கும் அதுல விலக்கு உண்டு. உங்க சாமி மட்டும் இவ்ளோ கறாரா?"

"எங்க ஆளுங்களுக்கும் விலக்கு உண்டும்மா. இவரு எடுத்துக்கினது இல்ல. ஒரு வாட்டி கூட."

"அவருக்கு அப்ப தெம்பு இருந்திச்சி, எடுத்துக்கல. இப்ப நீங்கதான அவர பட்டினி போடறீங்க" என்று சொல்லிவிட்டு சகாயசெல்வி போய்விட்டாள். தெருவில் நாலு வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மறுநாள் ரயிலடிக்குப் போகும்போது மதி யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் ஆபீசிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் தரணேந்திரன் பதறினான். "விரதம் மட்டும் கெட்டுடக் கூடாது மதி. அப்பா உசுரே அதுலதான் இருக்குது. ஊர்ல நாலு பேரு அவரக் கும்புடறதே அதுக்குத்தான்."

"அப்ப ஒரு மாசம் வந்து கூட இருந்து நீ காப்பாத்திக் குடுண்ணா."

"லீவு கெடைக்காதும்மா. இயர் எண்டு வருது." கொஞ்சம் நிறுத்தி, "மாப்ள நல்லா பாத்துக்கறாருன்னு எனக்குத் தெரியும்" என்றான். மதி போனை வைத்துவிட்டாள். விரதம் அப்பாவுடையது, பெருமை அண்ணனுடையது, பாடு மட்டும் வேறொருவருடையது என்று அவளுக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்; சொல்லி என்ன ஆகப் போகிறது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை பெரியவர் எழுந்து நிற்கும்போதே மடங்கி விழுந்தார். ஆட்டோவில் போட்டு டாக்டரிடம் கொண்டு போனார்கள். எடை பார்க்கச் சட்டையைக் கழற்றியபோது மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோளெலும்பு இரண்டும் துணி காயப்போடுகிற கம்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. தினமும் அந்த உடம்பைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிற ஜீவராஜ் அதை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். தினம் பார்க்கிற கண்ணுக்குத் தேய்வது தெரிவதில்லை.

டாக்டர் வயதானவர், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. "நோய்னு தனியா ஒண்ணும் இல்லம்மா. சாப்பாடு போகல. இந்த மறதி வந்தவங்களுக்கு ராத்திரி பகல் மாறிடும். எப்ப பசிக்குதோ அப்ப குடுங்க. இல்லன்னா மூக்குல குழாய் போட்டுத்தான் ஊத்தணும். அது இன்னும் கொடுமை."

ஜீவராஜ் மெதுவாகக் கேட்டார். "பொழுது சாயறதுக்குள்ள பசிக்கிற மாதிரி ஏதாவது மருந்து இருக்குதுங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "அப்படி மருந்து இல்லைங்க" என்றார்.

அப்படியும் ஜீவராஜ் விடவில்லை. அந்த வாரம் முழுக்க வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கையைப் பிடித்துத் தெருவில் நடத்தினார். தூங்காமல் இருக்க மல்லாட்டை விலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியவர் நடந்துகொண்டே தூங்கினார். ஐந்து மணிக்குக் கிண்ணத்தைக் கொண்டுபோனால் வாய் பூட்டுப் போட்டது போல இருக்கும். ஏழு மணிக்கு மதி வரும்போது அழுகை ஆரம்பித்திருக்கும். சனிக்கிழமை அவள் உள்ளே நுழைந்தபோது வீட்டில் இரண்டு அழுகை கேட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கீழே தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு ஜீவராஜ் அழுதுகொண்டிருந்தார்.

"அவர் மரியாதையக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கினு மனுஷன சாவடிக்கிறேன் மதி" என்றார். "குடுக்கவும் கை வர்ல. குடுக்காம இருக்கவும் முடியல."

மறுநாள் ஞாயிறு. காலையில் இருவரும் கோயிலுக்குப் போனார்கள். பூசை செய்கிற உபாத்தியாயர் அபிஷேகத்தை முடித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். ஜீவராஜ் நடந்ததையெல்லாம் சொன்னார். உபாத்தியாயர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அவரு தெரிஞ்சி சாப்பிட்டாத்தானே விரதம் கெடும்? அவருக்கு எதுவும் தெரியலியே?"

"அவருக்குத் தெரியலீங்க. ஊட்டறவனுக்குத் தெரியுமே."

"ஆமா. செய்யறது, செய்ய வைக்கிறது, செய்யறத ஒத்துக்கறது மூணும் ஒண்ணுதான். அறியாதவருக்குப் பாவம் ஒட்டாது. அறிஞ்சி ஊட்டறவனுக்குத்தான் ஒட்டும்."

இதற்கா இங்கே வந்தோம் என்று மதி நினைத்தாள். ஜீவராஜ் முகத்திலோ அன்றைக்குத்தான் ஒரு தெளிவு வந்தது. ரொம்ப நாளாகத் தேடிய சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட வியாபாரி போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப பாவம் அவரு பக்கம் போவாது. என்கிட்ட வரும். அவ்ளோதானுங்களே?"

"அவ்ளோதான்."

"வரட்டும். சோத்த நான் குடுத்துடறேன். ஆனா அறுபது வருஷமா அந்தக் குடும்பத்துல ஒருத்தர் ராத்திரி சாப்பிடாம இருந்திருக்காரு. அது நின்னு போவக் கூடாதுங்க. அவரு உட்ட எடத்துல இருந்து நான் புடிச்சிக்கிறேன். எனக்கு அந்த விரதத்தக் குடுங்க."

"ஒருத்தர் விரதத்த இன்னொருத்தர் பேருக்கு மாத்த முடியாது தெரியும்ல? அது பட்டா இல்ல. அவங்கவங்க வினை அவங்கவங்களுக்கு."

"மாத்தித் தரச் சொல்லலீங்க. எனக்குத் தனியாவே ஒண்ணு குடுங்க. ஆயுசுக்கும்."

"ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பழகின ஒடம்பாச்சே ஜீவராஜ்" என்றார் உபாத்தியாயர். ஊரில் எதுதான் யாருக்குத் தெரியாமல் இருக்கிறது. ஜீவராஜ் எழுந்து பகவான் முன்னால் போய் நின்றார். மதி தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உபாத்தியாயர் சொல்லச் சொல்ல இவர் திருப்பிச் சொன்னார். அவளைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்காத மனுஷன், கடையை விட்டபோது கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டவர், இதை மட்டும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மதி வீட்டுக்கு வந்தபோது ஏழடிக்க இருந்தது. அப்பா விழித்து உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் சோறும் பருப்பும் சூடாக மூடி வைத்திருந்தது. ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. ஜீவராஜ் ஐந்தரைக்கே சாப்பிட்டு முடித்திருந்தார்.

"நீயே ஊட்டு. பாவம் ஊட்டச் சொன்ன என்கிட்ட வரட்டும். கைகால் கழுவிக்கினு வா, ஜல்தி. மாமா ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வேலை நாளில் அவள் அவருக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை. ரயில் நேரம் அதற்கு விட்டதில்லை. கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நெய்ச் சோற்றை விரல்களால் மசித்து முதல் வாயைக் கொண்டுபோனாள். அவர் வாயைத் திறந்தார். இரண்டாவதுக்கு அவசரமாகத் திறந்தார். தாடையில் பருக்கை ஒட்டிக்கொள்ள, கண்ணை அகல விழித்து, தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க மதிக்கு நெஞ்சு நிறைந்தது. கட்டிலின் கால்மாட்டில் ஜீவராஜ் உட்கார்ந்து துவைத்த வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். நெய் வாசனை அவர் பக்கமும் போயிருக்கும். வேட்டியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

பாதிச் சோறு உள்ளே போனதும் பெரியவருக்குத் தெம்பு வந்துவிட்டது. கால்மாட்டுப் பக்கம் திரும்பினார். "கண்ணையா, இன்னாடா சும்மா குந்திக்கினு இருக்கற? சாப்ட்டியா?"

"ஆச்சுங்க."

"பொய் சொல்லாத. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." மகள் கையிலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்து, நடுங்குகிற விரல்களால் ஒரு உருண்டை உருட்டினார். பாதி சிந்தியது. மிச்சத்தைக் கை நீட்டி ஜீவராஜ் வாயருகே கொண்டுபோனார். "இந்தா. காலைலேர்ந்து மூட்ட தூக்கிக்கினே இருக்கற. துன்னு."

"வேணாங்க."

"அட, துன்னுப்பா."

கை உதட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. மதி தட்டைப் பிடித்துக்கொண்டாள். வாங்கிக்கொண்டால்தான் என்ன? கிழவர் ஆசையாகக் கொடுக்கிற ஒரு வாய். நேற்று வாங்கிய விரதம்; ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் அப்பா தன் கையால் இவருக்கு எதையும் கொடுத்ததில்லை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஜீவராஜ் அந்தக் கையை நோகாமல் பிடித்து விலக்கினார். "எனக்கு ராத்திரி விரதங்க" என்றார்.

பெரியவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உருண்டையைத் தட்டில் திருப்பி வைத்தார். விரல்களை வேட்டியில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். கூன் விழுந்த முதுகை முடிந்த மட்டும் நிமிர்த்தி, காலைக் கட்டிலில் சேர்த்து வைத்துக்கொண்டார். விரதம் இருக்கிறவரிடம் வயதென்ன, வேலையென்ன என்று சமணர்கள் பார்ப்பதில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே குவித்து, தலையைத் தாழ்த்தி, எதிரே உட்கார்ந்திருந்த எடைக்காரனை ஆதிநாதன் கும்பிட்டார்.

ஜீவராஜ் பதறி எழுந்தார். மடித்த வேட்டிகள் சரிந்து விழுந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். விட்டால் மறுபடியும் கும்பிட்டுவிடுவாரோ என்று பயந்தவர் போல இறுக்கிப் பிடித்திருந்தார். "நீங்க சாப்பிடுங்க மாமா" என்றார். "உங்களுக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சாப்பிடுங்க."

பெரியவர் அவர் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். மதிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. தட்டைத் தடவித் தடவித்தான் அடுத்த வாயைப் பிசைய முடிந்தது.